ஸ்டியரிங் யார் கையில்?

முதுமலையில் புலி பார்க்கப் போகிறவர் தன் காரைத் தெப்பக்காட்டிலேயே நிறுத்திவிட வேண்டும். உள்ளே போவது வனத்துறை வண்டி, ஓட்டுவது வனத்துறை டிரைவர். எந்தப் பாதையில் போவது, எவ்வளவு நேரம் சுற்றுவது என்பதும் அவர்கள் முடிவு. பந்திப்பூர், கன்ஹா, ரந்தம்பூர் என்று எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். காடு என்றாலே கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும் என்று பழகிவிட்ட நமக்குத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா கொஞ்சம் திகைப்பைத் தரும். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த சாதாரணச் சின்னக் காரை வாசலில் நிறுத்தி, பாஸ்போர்ட்டைக் காட்டி, கட்டணத்தைக் கட்டினால் தடுப்புக் கம்பி உயர்கிறது. அப்புறம் சிங்கமாச்சு, நீங்களாச்சு.

க்ரூகரின் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்குப் போவதென்றால் சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரத்தைக் காட்டுக்குள்ளேயே ஓட்ட வேண்டும். இந்தப் பூங்காவுக்கும் காருக்குமான உறவு நேற்று வந்ததல்ல. 1898-ல் சபீ காப்பகமாகத் தொடங்கி, 1926-ல் தேசியப் பூங்காவாகி, அடுத்த ஆண்டே பொதுமக்களின் வண்டிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்த 1927-ல் உள்ளே வந்தவை மூன்றே மூன்று கார்கள்.

'ஆப்பிரிக்கா போகிறோம், நாமே ஓட்டலாமா, கைடு வேண்டுமா?' என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் தைரியத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோதான் இருக்கிறது. தைரியம் இருந்தால் ஓட்டு, காசு இருந்தால் கைடு வைத்துக்கொள் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில் முடிவு செய்வது மண். எந்த நாடு, எந்த மாதம், சாலையில் தாரா கரிசலா மணலா என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும். கைடு எதற்கு என்று புரிந்துகொண்டால் மீதியும் தீரும். சிங்கத்தைக் காட்டத்தான் கைடு என்று நினைத்துப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள்.

தார் ரோட்டில் சிறுத்தை

சொந்தமாக ஓட்ட ஆப்பிரிக்காவிலேயே வசதியான இடங்கள் க்ரூகரும் நமீபியாவின் இடோஷாவும்தான். தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா, கென்யா, தான்சானியா எல்லா இடத்திலும் நம்மூர் மாதிரியே சாலையின் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள். ஐரோப்பாவில் வண்டி எடுக்கத் தயங்குகிற நம் ஆட்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வாங்கிவைத்துக்கொண்டால் வாடகைக் கம்பெனிக்காரர் கேள்வி கேட்கமாட்டார்.

க்ரூகரில் தார் ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகம், மண் சாலையில் 40. அதற்கு மேல் போனால் அபராதம். ஆனால் மிருகம் பார்க்க வந்தவருக்கு அந்த ஐம்பதே அதிகம். இருபது, இருபத்தைந்தில் ஊர்ந்தால்தான் எதுவும் கண்ணில் படும். ஸ்குகுஸாவிலிருந்து லோயர் சபீ முகாமுக்குப் போகிற எச் 4-1 சாலை சபீ ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. பூங்காவிலேயே நெரிசலான சாலை என்று பெயர் வாங்கியது, சிறுத்தைக்கும் பெயர் வாங்கியது. இங்கே சிறுத்தையைத் தேடுகிறவர்கள் சிறுத்தையைத் தேடுவதில்லை. ஆற்றோர மரங்களின் படுக்கைக் கிளைகளில் எங்கேயாவது ஒரு கோடு செங்குத்தாகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள். கிளை என்றால் நேராகக் கீழே தொங்காது. தொங்கினால் அது வால். வாலைப் பிடித்துவிட்டால் அதற்கு மேலே இருக்கும் உடல் மெதுவாக இலை நிழலிலிருந்து பிரிந்து வரும். இதைச் சொல்லிக் கொடுக்க யாரும் பக்கத்தில் இல்லாமல், காரில் பின் சீட்டில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளை முதலில் கண்டுபிடித்துக் கத்துகிறதே, அந்தச் சந்தோஷத்தை எந்தக் கைடாலும் விற்க முடியாது.

இன்னொரு லாபம் நேரம். ஒரு சாணிவண்டு உருண்டையைச் சாலையின் குறுக்கே உருட்டிக்கொண்டு போவதை அரைமணி நேரம் பார்க்க வேண்டும் என்றால் பார்க்கலாம். கைடு வண்டியில் கூட உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். முகாம் குடில்கள் பலவற்றில் சமையல் வசதியும் உண்டு. குக்கரில் சாதம் வைத்து, புளிக்காய்ச்சலைக் கலந்து டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்புகிற குடும்பத்துக்குச் சைவச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை.

விதிகள் மட்டும் கண்டிப்பானவை. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. கையையோ தலையையோ சன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது. பெரிய பாலங்களில் சிலவற்றில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள், இரண்டு கோட்டுக்கும் நடுவே இறங்கி நிற்கலாம். வாசல்கள் விடிந்ததும் திறந்து இருட்டுவதற்குள் மூடும், மாதத்துக்கு மாதம் நேரம் மாறும். 2015-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே ஒரு தனியார் சிங்கப் பூங்காவில், திறந்த கார்ச் சன்னல் வழியாகப் பாய்ந்த பெண் சிங்கம் ஒரு சுற்றுலாப் பயணியைக் கொன்றது. படம் நன்றாக வரும் என்று கண்ணாடியை இறக்குகிற பழக்கம் நமக்கும் உண்டு.

சிங்கத்தைவிடக் காரில் போகிறவர் அஞ்ச வேண்டியது யானைக்கு. 2013 டிசம்பர் கடைசியில், சதாரா முகாமை ஒட்டிய சாலையில், மதத்தில் இருந்த ஓர் ஆண் யானை பின்னால் வந்த சின்னக் காரைப் புரட்டிப் போட்டது. உள்ளே இருந்த பெண்ணுக்குத் தந்தம் குத்திக் காயம். யானையைச் சுட்டுக் கொன்றார்கள். கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கன்னத்தில் மதநீர் வழிந்தால் விலகி நிற்க வேண்டும் என்று தெரியும். அந்த அறிவு இங்கே பாதிதான் கைகொடுக்கும். ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் கன்னத்தில் நீர் வழியும், கொஞ்சம் பரபரப்பானாலே வழியும். மதம் என்று உறுதியாகச் சொல்வது பின்னங்கால்களை நனைத்துக்கொண்டு சொட்டும் சிறுநீரும், தலையை நிமிர்த்திய அந்த நடையும். அதைப் பார்த்தால் ரிவர்ஸ் கியர் போட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். ஹாரன் அடித்து வழி கேட்கிற இடமல்ல அது.

இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைத்ததுமல்ல. வெள்ளையர் ஆட்சியில் க்ரூகருக்கு வந்த கறுப்பர், இந்தியர் தங்குவதற்கென்று ஒதுக்கப்பட்டது ஒலிஃபண்ட்ஸ் ஆற்றங்கரையில் பலூலே என்ற சின்ன முகாம். மற்ற முகாம்கள் வெள்ளையருக்கு. பலூலே இன்றும் இருக்கிறது, மின்சாரம் இல்லாத எளிய குடில்களோடு, யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் டர்பனிலிருந்து மூன்று மணி நேர ஓட்டத்தில் ஹ்லுஹ்லுவே இம்ஃபோலோசி பூங்கா இருக்கிறது. 1895-ல் அறிவிக்கப்பட்டது. வெள்ளைக் காண்டாமிருக இனம் அழியாமல் பிழைத்தது இந்தக் காட்டினால்தான். அங்கேயும் சொந்தக் காரில் போகலாம்.

இல்லாததைப் படிக்கிறவர்

சரி, இவ்வளவு வசதி இருக்கும்போது கைடு எதற்கு?

காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒன்பது மணிவரை இம்பாலா மான்களை மட்டுமே பார்த்தவர், 'இன்றைக்கு ஒன்றுமில்லை' என்று முகாமுக்குத் திரும்புவார். நல்ல கைடுக்கு அந்த மூன்று மணி நேரமும் செய்தி நிறைந்தது. இம்பாலாக்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றனவே, ஏன்? குரங்கு எதற்குக் கத்துகிறது? கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த ராபர்ட் செய்ஃபார்த், டோரதி செனி தம்பதி 1980-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல். ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது சிறுத்தைக் குரலுக்குக் குரங்குகள் மரத்தில் தாவின, கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன, பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று தரையைத் தேடின. ஆராய்ச்சிக் கட்டுரை வருவதற்கு முன்பே காட்டோடு வாழ்ந்தவர்கள் இதைக் காதால் அறிந்திருந்தார்கள். நம் ஊரில் கடமான் கத்தினால் வண்டியை நிறுத்தச் சொல்லும் வனக் காவலருக்குத் தெரிந்த அதே வித்தைதான்.

க்ரூகரை ஒட்டி, நடுவே வேலி இல்லாமல், சபீ சாண்ட் என்ற தனியார் காப்பகம் இருக்கிறது. இடையிலிருந்த வேலியை 1993-ல் எடுத்துவிட்டார்கள். மிருகங்கள் இஷ்டப்படி போய் வருகின்றன. மனிதர்கள்தான் அப்படிப் போக முடியாது. அங்கே சொந்தக் காரில் சுற்ற அனுமதி இல்லை. கூரையில்லாத லேண்ட் குரூசரின் முன்பக்கம், பானெட்டுக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் தனி இருக்கையில் டிராக்கர் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் அந்த மண்ணிலேயே பிறந்த ஷாங்கான் இனத்தவர். அவர் கையை லேசாக உயர்த்தினால் வண்டி நிற்கும். இறங்கி, மண்ணில் ஒரு சுவட்டின் அருகே குந்தி உட்காருவார். சுவட்டின் மேல் பனித்துளி விழுந்த பொட்டுகள் இருந்தால் சிங்கம் இரவிலேயே போய்விட்டது. பனியில் இறுகிய மேல்மண்ணை உடைத்துக்கொண்டு சுவடு பதிந்திருந்தால் விடிந்த பிறகு போயிருக்கிறது, ரொம்ப தூரம் போயிருக்காது. சுவட்டின் குறுக்கே பூச்சி ஊர்ந்த தடம் இருக்கிறதா, விளிம்பு கூராக இருக்கிறதா, காற்றில் மழுங்கியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு எழுந்து ஒரு பக்கம் கை காட்டுவார். வண்டி சாலையைவிட்டு இறங்கிப் புதருக்குள் நுழையும். சாலையைவிட்டு இறங்கும் இந்த உரிமை க்ரூகரின் பொதுச் சாலையில் கைடு வண்டிக்கும் கிடையாது.

இந்த அறிவுக்குச் சான்றிதழும் உண்டு. லூயிஸ் லீபன்பர்க் தொடங்கிய சைபர்டிராக்கர் தேர்வை 1994 முதல் காட்டுக்குள்ளேயே நடத்துகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத டிராக்கரும் சுவட்டைப் படித்துப் பட்டம் வாங்கலாம். கைடுகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஃப்காஸா, கென்யாவில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிநிலை கொண்ட கே.பி.எஸ்.ஜி.ஏ. தேர்வு. ஜிம்பாப்வேயில் தொழில்முறை கைடு உரிமம் வாங்கப் பல வருஷம் பிடிக்கும், ஆப்பிரிக்காவிலேயே கடினமானது என்று பெயர். வண்டியைவிட்டு இறங்கி நடப்பதானால் பெரும்பாலான பூங்காக்களில் இப்படிப்பட்ட ஆள் துப்பாக்கியோடு முன்னால் போயே ஆக வேண்டும். அதில் சொந்த முயற்சிக்கு இடமில்லை. என்னைக் கேட்டால், ஆப்பிரிக்காவில் கைடுக்குக் கொடுக்கும் காசில் ஒரு ரூபாய்கூட வீணாகாத இடம் நடைப்பயணம்தான்.

கூட்டத்தில் சேர்கிற கைடு

இதே கையால் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். மோசமான கைடைவிடக் கைடு இல்லாமல் போவதே மேல்.

கென்யாவின் மாசாய் மாராவில் வண்டிக்கு வண்டி ரேடியோ. ஒருவர் கண்ணில் சிவிங்கிப்புலி பட்டால் ஐந்து நிமிஷத்தில் அதைச் சுற்றிப் பதினைந்து வண்டி. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் இடைவெளி வேண்டும், பத்து நிமிஷத்தில் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. சீஸனில் அதைப் போய்ப் பாருங்கள். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுகிற மிருகம், சுற்றுலா வண்டிகள் ஓடுவதும் பகலில். மாராவில் ஃபெம்கே ப்ருக்ஹௌஸ் 2018-ல் வெளியிட்ட ஆய்வு, வண்டி நடமாட்டம் அதிகமான பகுதியில் வாழும் தாய்கள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகளின் எண்ணிக்கை அமைதியான பகுதியோடு ஒப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு பங்குதான் என்று கண்டது. அந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது கைடுகள்.

2025 ஜூலையில் தான்சானியாவின் செரங்கேட்டியில், மாரா ஆற்றங்கரையில், வில்டபீஸ்ட் மான் மந்தை ஆற்றைக் கடக்க இறங்கும் துறையிலேயே பயணிகள் வண்டியைவிட்டு இறங்கிக் கூட்டமாக நின்று வழியை அடைத்த வீடியோ உலகெங்கும் பரவியது. அங்கே இருந்தவர்களும் கைடுடன் வந்தவர்கள்தான்.

கைடை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் வருமானத்தில் டிப்ஸ் பெரிய பங்கு. 'ஐந்து பெரிய மிருகங்களையும் பார்த்தாச்சா?' என்று டிக் அடித்துக்கொண்டே வருகிற விருந்தாளியிடம், 'கொஞ்சம் தள்ளி நிற்போம்' என்று அவர் எப்படிச் சொல்வார்? பக்கத்து வண்டி நெருங்கிப் போகும்போது 'நீங்கள் ஏன் போகவில்லை?' என்று பின்சீட்டிலிருந்து வரும் குரல் நம்முடையதாகத்தான் இருக்கும். வண்டி ஏறும் முன்பே, 'எங்களுக்கு அவசரமில்லை, கூட்டத்துக்குள் போக வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த மனிதரின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நியாயமாகச் சொன்னால், காரில் தனியாகப் போகிறவர்களும் புனிதர்கள் இல்லை. எங்கே சிங்கம் என்று செல்போன் ஆப் சொல்லச் சொல்ல, க்ரூகரில் வேக வரம்பை மீறி ஓடியவர்கள் பெருகினார்கள். 2016-ல் பூங்கா நிர்வாகமே இந்த ஆப்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தது. முகாம்களில் எந்த மிருகம் எங்கே என்று காட்டும் பலகைகளில் காண்டாமிருகத்தை மட்டும் குறிக்கமாட்டார்கள். கொம்புத் திருடர்களுக்குத் துப்பு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

யூடியூபில் கோடிக்கணக்கானோர் பார்த்த 'பேட்டில் அட் க்ரூகர்' வீடியோவை இரண்டு தரப்பும் தன் பக்கம் இழுப்பதுண்டு. எருமைக் கன்றுக்காகச் சிங்கமும் முதலையும் இழுபறி நடத்த, மந்தையே திரும்பி வந்து கன்றை மீட்கும் காட்சி. 2004-ல் எடுத்தது, 2007-ல் வெளியானது. எடுத்தவர் கைடோடு வந்த பயணி. எடுத்த இடமோ, யார் வேண்டுமானாலும் காரில் போய் நிற்கக்கூடிய டிரான்ஸ்போர்ட் டேம். அது கைடின் வெற்றியுமல்ல, ஸ்டியரிங்கின் வெற்றியுமல்ல. அந்த நேரத்தில் அங்கே இருந்தார்கள்.

கரிசல், மணல், ஜல்லி

மாராவின் சமவெளியில் பெரும்பகுதி கரிசல். கோவில்பட்டிக்காரருக்கு விளக்கவே வேண்டாம். காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் பசை. ஒரு மழை பெய்துவிட்டால் ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் அச்சுவரை இறங்கிவிடும். சுற்றிலும் சிங்கம் திரிகிற புல்வெளியில் இறங்கி மண்வெட்டி பிடிக்க முடியாது. மாராவிலும் செரங்கேட்டியிலும் சொந்தமாக ஓட்டச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் எந்த ஓடையை எங்கே கடக்கலாம் என்று தெரிந்த உள்ளூர் டிரைவர் இருக்கும்போது அந்த வீம்பு எதற்கு? மாராவைச் சுற்றி மாசாய் மக்களிடம் குத்தகைக்கு எடுத்த நிலங்களில் நடக்கும் தனிக் காப்பகங்களில் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. செலவு அதிகம், நெரிசல் குறைவு.

போட்ஸ்வானாவின் சோபே, மொரேமி பக்கம் மணல். டயரில் காற்றை இறக்கி ஓட்டவும், தார் வந்ததும் திரும்ப ஏற்றவும் தெரிந்திருக்க வேண்டும். வண்டிக் கூரைமேல் கூடாரம் விரித்துத் தூங்குகிற அங்குள்ள முகாம்கள் பலவற்றுக்கு வேலியே கிடையாது, ராத்திரி கழுதைப்புலி அடுப்படிக்கு வரும். முதல் பயணத்துக்கு ஏற்ற இடமல்ல.

நமீபியாவில் காடு பயமில்லை, காட்டுக்குப் போகும் வழிதான் பயம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆளில்லாத ஜல்லிச் சாலை. நேராக, அகலமாக, பறக்கச் சொல்லி அழைக்கும். வேகத்தில் லேசாக ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி வழுக்கி உருண்டுவிடும். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு வரும் ஆபத்தில் சிங்கத்தின் பங்கு சொற்பம், ஜல்லியின் பங்குதான் பெரிது. எண்பதைத் தாண்டாமல் இடோஷா போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு எல்லாம் சுகம். 4,800 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளையாக விரியும் உப்புப் படுகை, அதன் விளிம்பில் நீர்க்குட்டைகள். கைடும் அங்கே செய்யக்கூடியது குட்டையோரம் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பதுதான். ஒகௌகுவேயோ முகாமில் காரே வேண்டாம். வேலிக்கு இந்தப்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்தால், விளக்கு வெளிச்சத்தில் கருப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிக்க வரும்.

எந்த மாதம் லீவு?

பணக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சபீ சாண்டின் சொகுசு விடுதிகளில் ஆளுக்கு ஓர் இரவு ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். மாராவில் வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர்வரை நாளொன்றுக்கு நுழைவுக் கட்டணமே 200 டாலர், மற்ற மாதங்களில் 100. க்ரூகரில் அது சில நூறு ராண்ட். நாலு பேர் சேர்ந்து ஒரு காரும் ஒரு குடிலும் எடுத்தால் நடுத்தரக் குடும்பம் யோசிக்கக்கூடிய தொகைக்குள் வந்துவிடும். அதில் ஒரு நாள், பூங்கா நிர்வாகமே நடத்தும் விடியற்காலைச் சவாரிக்கோ காலை நடைக்கோ பணம் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம். பொது வாசல் திறப்பதற்கு முன்பே அந்த வண்டி கிளம்பிவிடும். இரவுச் சவாரியும் அவர்களிடம்தான் உண்டு. இந்தக் கலவைதான் என் சிபாரிசு. முதல் நாளிலேயே அந்த நடையைப் போட்டுவிட்டால், அங்கே கேட்டுக்கொண்டது மீதி நாட்களில் உங்கள் காரிலும் உதவும்.

க்ரூகருக்குப் போகும் வழியிலும் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் நும்பி வாசலுக்குப் போகும் சாலையில் ஜெர்மானியப் பயணி ஒருவரைக் கொள்ளையர் சுட்டுக் கொன்றார்கள். மலலேன், க்ரோக்கடைல் பிரிட்ஜ் வாசல்கள் என்4 நெடுஞ்சாலையை ஒட்டியவை. பகல் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

நம் குடும்பங்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய கணக்கு பள்ளி விடுமுறை. ஏப்ரல், மே கோடை விடுமுறையில் மாராவில் நீள்மழைக் காலம், கரிசல் நனைந்து கிடக்கும். அதே மே மாதம் க்ரூகரிலும் இடோஷாவிலும் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நேரம். புல் காய்ந்து தாழ ஆரம்பிக்கும், தாழ்வான காரிலிருந்தும் தூரம் தெரியும், கொசுவும் குறையத் தொடங்கும் (மலேரியா மாத்திரை பற்றி டாக்டரைக் கேட்டுவிட்டே கிளம்புங்கள்). ஆகவே கோடை விடுமுறைக்காரர்கள் தெற்கே போய்த் தாங்களே ஓட்டலாம். மாரா ஆற்றை வில்டபீஸ்ட் கூட்டம் கடக்கும் ஜூலை முதல் அக்டோபர்வரையிலான காலத்தில் நமக்கு வாய்ப்பது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை மட்டும். அதற்குக் கென்யா போகிறவர்கள் நல்ல கைடைப் பிடியுங்கள். விடுதியின் நீச்சல்குளத்தைப் பற்றி விசாரிக்கும் முன், கைடு வெண்கலமா வெள்ளியா என்று விசாரியுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் சென்னை விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.